தகுதி முழுசாக இல்லையா? மணலி, எண்ணூர் பக்கம் மூன்று வழிகள்

ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தவருக்கு, வடசென்னையின் ஆலைப் பகுதிகளான மணலி, எண்ணூர் வேலை விளம்பரங்களில் ஏதாவது ஒன்று இடிக்கும். அதற்காக விட்டுவிட வேண்டாம். நேரடியாக விண்ணப்பிக்கலாம், அப்ரண்டிஸ் (ஆலையில் தொழில் பழகுபவர்) ஆகப் போகலாம், கான்ட்ராக்டரிடம் சேரலாம். எதை முதலில் எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நேரடி விண்ணப்பம்

இல்லாத தகுதி எந்த வகை என்று பாருங்கள். பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ், ஹெவி லைசென்ஸ் இரண்டும் சட்டம் கேட்பவை. முதலாளியே நினைத்தாலும் தளர்த்த முடியாது. பொதுத்துறை அறிவிப்பில் ‘எசென்ஷியல்’ (கட்டாயம்) என்று போட்டிருந்தால், கடைசித் தேதிக்குள் அது கையில் இருக்க வேண்டும். ‘டிசையரபிள்’ (இருந்தால் நல்லது) என்றிருந்தால் தாராளமாகப் போடலாம்.

தனியார் கம்பெனி கேட்கும் ‘3 வருட அனுபவம்’ பெரும்பாலும் விருப்பம்தான். ஒன்றரை வருடம் இருந்தாலே போடுங்கள். பயோடேட்டாவின் மேல் பாதியிலேயே பம்ப் அலைன்மென்ட், பேரிங் மாற்றுவது, மெக்கானிக்கல் சீல் என்று செய்த வேலையை எழுதுங்கள். ‘கடின உழைப்பாளி’ என்ற வரி எதற்கும் உதவாது. இல்லாத அனுபவத்தைச் சேர்க்கவே கூடாது: எங்கே, எந்த மாதம் வரை வேலை பார்த்தீர்கள் என்பதை பி.எஃப். பதிவு காட்டிவிடும்.

அப்ரண்டிஸ்

ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டருக்குப் பொதுவாக ஒரு வருடம். சம்பளம் இல்லை, உதவித்தொகைதான். வீட்டில் உங்கள் வருமானத்தை எதிர்பார்த்தால் இது கஷ்டம். முடித்ததும் வேலை நிச்சயமில்லை. பல பொதுத்துறை அறிவிப்புகளில் இந்தக் காலம் அனுபவக் கணக்கிலும் வராது. ஆனாலும் பெரிய ஆலைக்குள் கை பழகும். தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும்.

கான்ட்ராக்ட்

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நேரத்தில் ஆள் நிறையத் தேவைப்படும், சான்றிதழைவிடக் கை வேலையைப் பார்த்து எடுப்பார்கள். பணமும் உடனே வரும். பி.எஃப். பிடிக்காத இடத்தில் இரண்டு வருடம் உழைத்தாலும் காட்ட ஒரு காகிதம் இருக்காது. ‘ஹெல்ப்பர்’ என்று பதிவானால் அது ஃபிட்டர் அனுபவமாகாது. சேரும் நாளிலேயே யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணையும், பதிவேட்டில் என்ன வேலைப் பெயரில் எழுதுகிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

பலர் கவனிக்காதது இது: ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களைப் பல அப்ரண்டிஸ் அறிவிப்புகள் சேர்ப்பதில்லை. கான்ட்ராக்டில் நாள் ஓடிவிட்டால் அந்த வாசல் அடைபடும். எனவே இந்த வருடம் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அப்ரண்டிஸுக்கும் தனியார் வேலைக்கும் ஒரே நேரத்தில் போடுங்கள். பதில் வரும்வரை சில மாதம் கான்ட்ராக்ட் பாருங்கள். முடித்துப் பல வருடம் ஆனவர்களுக்கு, பி.எஃப். உள்ள கான்ட்ராக்டும் ‘ஃபிட்டர்’ என்று எழுதிய அனுபவச் சான்றுமே சரியான வழி.