கொலஸ்ட்ரோலுக்கு மூலிகைக் குளிசை வாங்க இருப்பவர்கள் கவனத்திற்கு

சமூக ஊடகத்தில் இதய நலத்துக்கென்று மூலிகைக் குளிசை விற்கும் ஒரு பக்கத்தினர் எங்களிடமிருந்து 38,400 ரூபாயைப் பறித்துவிட்டார்கள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று நேற்று மாலை சொன்னதோடு என் இலக்கத்தையும் தடைசெய்துவிட்டார்கள். அவர்களுடைய விளம்பரம் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து ஆட்களைக் குறிவைத்தே ஓடிக்கொண்டிருப்பதால், கோபம் ஆறும்வரை காத்திராமல் இன்றே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. கொலஸ்ட்ரோலுக்காகப் பல வருடங்களாக அரசாங்க கிளினிக்கில் அட்டோவாஸ்டாட்டின் எடுத்து வருகிறார். விளம்பரத்திலிருந்த இலக்கத்துக்கு அவரே அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் பக்கத்திலிருந்த நானும் கேட்டேன். பேசிய பெண் தானும் களுவாஞ்சிக்குடிப் பக்கம்தான் என்றார், இம்முறை மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனீர்களா என்று விசாரித்தார், பேச்சுக்குப் பேச்சு "அப்பா" என்றே அழைத்தார். அப்பா கேட்க வேண்டிய கேள்வியைத் தெளிவாகவே கேட்டார்: "நான் கிளினிக் குளிசை போடுறன், இதையும் சேர்த்துப் போடலாமா?" அதற்குக் கிடைத்த பதில் எனக்கு இன்னும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "இது மருந்தே இல்லை அப்பா, வெறும் மூலிகைதான், பயமில்லாமப் போடுங்க." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் போத்தல் ஒன்று 6,400 ரூபாய்ப்படி ஆறு போத்தலுக்கு 38,400 ரூபாயை வங்கியில் கட்டினார்.

சில வாரங்களில் அப்பாவுக்குத் தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி தொடங்கியது. கதிரையிலிருந்து எழும்பவே கையூன்ற வேண்டியிருந்தது. கிளினிக்குக்குப் போத்தலையும் கொண்டுபோனோம். உட்பொருட்களில் மருதம்பட்டை, பூண்டு ஆகியவற்றுக்கு மேலே முதலாவதாக இருந்தது சிவப்பு ஈஸ்ட் அரிசி, அதாவது ஒருவகைப் பூஞ்சை சேர்த்துப் புளிக்கவைத்த அரிசி. டொக்டர் அதிலேயே விரலை வைத்தார். அதிலுள்ள மொனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதானாம். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதே கொலஸ்ட்ரோல் மருந்து. ஆக, "மருந்தே இல்லை" என்று விற்றது, அப்பா ஏற்கெனவே போடும் குளிசையின் கூடப்பிறந்ததை, அதுவும் எத்தனை மில்லிகிராம் என்று எங்கும் எழுதாமல். இரண்டும் சேர்ந்தால் தசை பாதிக்கப்படும் வாய்ப்புக் கூடுமாம். தசைப் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த விதிப்படி இந்த அரிசியிலிருந்து வரும் மொனகோலின் நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். கொலஸ்ட்ரோல் மருந்து எடுப்பவர்களும் 70 வயதைத் தாண்டியவர்களும் எடுக்கக் கூடாது என்று லேபிளில் எழுதவும் வேண்டும். அப்பா இரண்டுக்குள்ளும் அடங்குகிறார். எங்கள் போத்தலில் இருந்ததோ "நூறு வீதம் இயற்கை" என்ற வரியும் ஓர் இலையின் படமும்தான். காலாவதித் திகதி தனி ஸ்டிக்கரில் இருந்தது. நகத்தால் உரித்தபோது அடியில் இன்னொரு திகதி தெரிந்தது.

வலியைச் சொன்னபோது அதே பெண், கொழுப்பு உருகும்போது அப்படித்தான் இருக்கும், நிறுத்தினால் காசு வீண் என்றார். டொக்டர் சொன்னதைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. கொழும்பு அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்றார். அங்கிருந்து பேசிய ஒருவர், இங்கிலீஷ் டொக்டர்மார் மூலிகையை எப்போதும் குறைதான் சொல்வார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தார். திறக்காத நான்கு போத்தல்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். முகவரி கேட்டால் பதிலில்லை. கடைசியில், விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது என்று ஒரு குறுஞ்செய்தி, அத்தோடு தடை. 38,400 ரூபாய்! அரசாங்க கிளினிக்கில் அப்பாவுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த மருந்தின் இனத்துக்கு 38,400 ரூபாய்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று கண்டால் டொக்டரிடமோ பாமசியிலோ காட்டாமல் வாயில் வைக்காதீர்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவிலக்கமோ ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதியோ லேபிளில் இல்லையென்றால் காசு கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். வங்கிச் சிட்டையையும் கூரியர் உறையையும் எறிந்துவிடாதீர்கள்.