நாற்பது வயதைக் கடந்த கொமடோர் 64: வாங்கித் திறந்து இயக்கிப் பார்த்த பிறகு

1982இல் விற்பனைக்கு வந்து, தயாரித்த நிறுவனம் 1994இல் திவாலாகும் வரை சந்தையில் நீடித்த ஒரு கணினிக்கு இப்போது மதிப்புரை எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கொமடோர் 64 இன்றும் பரண்களிலிருந்து இறங்கிக் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. அதை வாங்குகிறவர்களில் பலர் சிறுவயதில் அதைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள். சிலர், என்னைப் போல, வேறொருவர் வீட்டில் சில மாலைப்பொழுதுகளில் மட்டும் அதைத் தொட அனுமதிக்கப்பட்டவர்கள். இந்த இரண்டாம் வகையினரின் ஏக்கம்தான் ஆபத்தானது என்பது இப்போது புரிகிறது. அது ஓடியதை மட்டுமே நாங்கள் பார்த்தோம், படுத்துக்கொண்டதைப் பார்க்கவில்லை.

விற்றவர் "நன்றாக ஓடும்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கடைசியாக அதை ஓட்டியது எந்த ஆண்டு என்று நான் கேட்காமல் விட்டதுதான் பிழை. பெட்டியைப் பிரித்ததும் செருகிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை அடக்குவதே இந்தக் கணினியை வாங்குகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை. உடன் வரும் பவர் சப்ளை 5 வோல்ட் நேர்மின்னோட்டத்தையும் 9 வோல்ட் மாறுமின்னோட்டத்தையும் தரும் ஒரு கனத்த கட்டி. பல பதிப்புகளில் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கப்பட்டிருப்பதால் திறந்து பழுதுபார்க்கவும் வழியில்லை. அதிலுள்ள மின்னழுத்தச் சீராக்கி வயதாகிப் பழுதடையும்போது, 5 வோல்ட் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும் இயல்பு உண்டு. கூடினால் நினைவகச் சில்லுகள் கருகும். சுமையில்லாமல் மல்டிமீட்டரில் அளந்தால் ஒழுங்காகக் காட்டிவிட்டு, சூடேறிய பின் ஏறுவதும் நடக்கும் என்பதால் அந்த அளவீட்டை நம்பி நிம்மதியடைய முடியாது. பழையதை அலங்காரத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, புதிதாகச் செய்யப்பட்ட ஒன்றை வாங்கினேன். இதில் சிக்கனம் பார்ப்பவர் இந்தக் கணினியை வாங்காமலிருப்பதே நல்லது.

புதிய பவர் சப்ளையுடனும் திரை கறுப்பாகவே இருந்தது. அடிப்பக்கத்து முன்விளிம்பில் உள்ள மூன்று திருகுகளைக் கழற்றினால் மேல்மூடி பின்பக்கமாகத் திறந்துகொள்கிறது. பாதி நூற்றாண்டை நெருங்கும் ஒரு பொருள் இவ்வளவு எளிதாகத் தன் வயிற்றைக் காட்டுவது எனக்குப் பிடித்தது. கறுப்புத் திரைக்குக் காரணங்கள் பல இருந்தாலும், முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியது, எந்த முகவரிக்கு எந்தச் சில்லு பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ என்னும் சில்லு. என் மதர்போர்டில் அது சாக்கெட்டில் இருந்தது என் அதிர்ஷ்டம். மாற்றுச் சில்லைச் செருகியதும் நீலத் திரையும் அதைச் சுற்றி வெளிர்நீல ஓரமும் வந்தன. கூடவே 38911 பைட்டுகள் காலியாக உள்ளன என்ற அந்த அறிவிப்பும்.

64 கிலோபைட் என்று பெயரிலேயே சொல்லிவிட்டு 38911 மட்டும் தருவது ஏன் என்று சிறுவயதில் குழம்பியிருக்கிறேன். பேசிக் என்ற நிரல்மொழியில் நாம் எழுதும் நிரல் நினைவகத்தின் 2049ஆம் முகவரியில் தொடங்குகிறது. 40960இலிருந்து பேசிக் மொழியே பதிந்திருக்கும், படிக்க மட்டுமே முடிகிற ரோம் நினைவகம் குறுக்கே நிற்கிறது. கழித்துப் பார்த்தால் கணக்கு ஒரு பைட்டு பிசகாமல் சரியாக வருகிறது. இந்த நேர்மைதான் எனக்கு இந்தக் கருவியின் முதன்மையான சிறப்பாகப் படுகிறது. 53280ஆம் முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் திரையின் ஓரம் நிறம் மாறுகிறது. இடையில் அனுமதி கேட்க யாருமில்லை. பொறுமையுள்ள ஒருவர் இந்தக் கணினியின் உள்ளமைப்பு முழுவதையும் மனத்தில் ஏற்றிக்கொள்ள முடியும். இன்று நான் பயன்படுத்தும் எந்தக் கருவியைப் பற்றியும் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன்.

ஒலியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கொமடோர் நிறுவனம் 1976இலேயே மாஸ் டெக்னாலஜி என்ற சில்லுத் தயாரிப்பு நிறுவனத்தை வாங்கியிருந்ததால் தனக்கு வேண்டியதைத் தானே வடித்துக்கொள்ள முடிந்தது. அங்கே பொறியாளர் பாப் யான்னஸ் வடிவமைத்த சிட் என்னும் ஒலிச் சில்லு, விளையாட்டுக் கருவிகளின் கீச்சொலிகளுக்கு நடுவே, மூன்று குரல்களும் ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்ற இறக்கமும் ஒரு வடிகட்டியும் கொண்ட உண்மையான இசைக்கருவியாக அமைந்தது. 6581 என்ற முதல் பதிப்பில் அந்த வடிகட்டி சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஒரே பாட்டு இரு கணினிகளில் ஒரே மாதிரி ஒலிக்காது. ஒலியளவை மாற்றும்போது அதில் எழுந்த 'டிக்' ஓசை உண்மையில் ஒரு குறைபாடு. அதை வேகமாக அடுக்கி மனிதக் குரலையும் முரசொலியையும் வரவழைத்தார்கள் நிரலாளர்கள். பிற்காலத்து 8580 சில்லில் அந்தக் குறை திருத்தப்பட்டபோது அந்த ஒலிகளும் மங்கிப்போயின. இசைக்காக வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து சில்லின் எண்ணைப் பார்த்த பிறகே முடிவு செய்யட்டும்.

1541 டிஸ்க் டிரைவைப் பற்றி இவ்வளவு அன்பாக எழுத இயலவில்லை. அதற்குள் தனியாக ஒரு 6502 செயலியே இருக்கிறது. இருந்தும் தரவை நொடிக்குச் சில நூறு பைட்டுகள் வீதம்தான் அனுப்புகிறது. ஒரு விளையாட்டு ஏறுவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம் என்பது மிகையல்ல. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுள்ள சில வட்டுகளைப் படிக்கும்போது அதன் தலை தடுப்பில் மோதி எழுப்பும் தடதட ஓசை, சிறுவயதில் உற்சாகமளித்தது. இப்போது சொந்தப் பணம் போட்டு வாங்கியவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. எஸ்டி கார்டை வட்டாகக் காட்டும் சிறு கருவிகள் கிடைக்கின்றன, அன்றாடப் பயன்பாட்டுக்கு நானும் அதையே செருகியிருக்கிறேன். ஆனால் காத்திருப்பு போனதும் விளையாட்டுகளை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போகிறேன், எதையும் முடிப்பதில்லை. எனவே வார இறுதிகளில் பழைய டிரைவையே இணைக்கிறேன்.

திரையில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம். தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் பல இந்தக் கணினியின் படத்தை இரு பாதிகளாகப் பின்னிய படமென்று தவறாகக் கணித்து, அசைவுகளைக் குழப்பிவிடுகின்றன. 16 நிறங்களும் ஒன்றோடொன்று கசிந்து இதமாகக் கலப்பதற்கு ஒரு பிக்சர் டியூப் டிவி வேண்டும். அதற்கு மேசையில் இடமும் தூக்கி வைக்க இன்னொருவரும் வேண்டும். என் மேசையில் கணினியைவிட அதுவே பெரிய பொருளாக உட்கார்ந்திருக்கிறது. மஞ்சளாகிப்போன உடலை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுப்பவர்கள் உண்டு; நான் செய்யவில்லை, மஞ்சள் திரும்பவும் வரலாம் என்கிறார்கள், தவிர எனக்கு அந்த நிறம் உறுத்தவுமில்லை.

விசைப்பலகை திடமானது. நான்கு திசைகளுக்கு இரண்டே அம்புக்குறி விசைகளை வைத்து, மற்ற இரண்டுக்கும் ஷிப்டை அழுத்தச் சொன்னதை மட்டும் இத்தனை ஆண்டுகள் கழித்தும் மன்னிக்க முடியவில்லை.

விளையாட்டுகளை மட்டும் மீண்டும் பார்க்க விரும்புகிறவருக்கு வைஸ் போன்ற போன்மி மென்பொருளே, அதாவது இன்றைய கணினியில் இந்தப் பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளே போதும். அது இலவசம், கருகாது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவருக்கும், தெரிந்துகொள்ளும் ஆசையுள்ளவருக்கும் அசல் கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், மாதத்தில் ஒருநாளாவது மூடியைத் திறக்க நேரிடும் என்ற எச்சரிக்கையோடு. என் கருவியில் இப்போது ஷிப்ட் லாக் விசை அழுத்தினால் நிற்பதில்லை. அதைச் சரிசெய்ய விசைப்பலகையைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் அந்த விசையின் இரு கம்பிகளின் ஈயப்பற்றை உருக்கி எடுக்க வேண்டும். அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட சிறு திருகுகள். அடுத்த விடுமுறைக்கு அந்த வேலையை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.