நாலடித் தண்ணீருக்கு எந்தக் கல்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை. அந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் இன்னமும் ‘எந்தக் கல் மலிவு?’ என்றுதான் கேட்கிறார்கள். நாலு நாள் தண்ணீரில் நின்றபின் எது சீக்கிரம் காயும் என்பதல்லவா முதல் கேள்வி?

சூளைச் செங்கல் ஊறும், ஆனால் காயவும் காயும். சிக்கல் உப்பு. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் வெள்ளையாகப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். லோடு இறக்கும்போதே ஒரு கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து மறுபடி போடுங்கள். இந்தியத் தர விதிப்படி சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் குடிக்கக் கூடாது. 3 கிலோ கல் 3.6-ஐத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்பலாம்.

சாலிட் பிளாக், அதாவது உள்ளே பொந்தில்லாத கான்கிரீட் கல்லுக்கு, அந்த வரம்பு 10 சதவீதம்தான். ஆறங்குலக் கல் 25 கிலோவுக்கு மேல் கனக்கும். கொத்தனார் முனகுவார், முனகட்டும். காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகு கான்கிரீட் கல்லான ஏஏசி பிளாக் அதைவிடப் பெரிய கல், எடையோ பாதிகூட இல்லை. வேலை வேகமாக நடக்கும், வெயிலும் உள்ளே இறங்காது. ஆனால் நாள்கணக்கில் ஊறினால் ஈரத்தை எளிதில் விடாது. ஹாலோ பிளாக்? பொந்துக்குள் சேறு தங்கிவிடும். வேண்டாம்.

வீடு முழுக்க ஒரே கல் என்று யார் சொன்னது? தூண்-பீம் போட்ட வீடென்றால் ஜன்னல் மட்டம் வரை சாலிட் பிளாக், அதன்மேல் சுவர் நீளத்துக்கும் ஓடும் ஒரு கான்கிரீட் பெல்ட், அதற்கு மேலே ஏஏசி. பெல்ட்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்; இரண்டு கல்லும் சேருமிடத்தில்தான் விரிசல் விடும்.

உள்பூச்சில் ஜிப்சம் கீழ்ப்பகுதிக்கு ஆகாது, ஊறினால் இளகிவிடும். அங்கே சிமென்ட் பூச்சுதான். அலமாரிக்கு ‘எம்.ஆர்.’ பிளைவுட்டைக் காட்டி ‘வாட்டர்ப்ரூஃப் சார்’ என்பார்கள். அது காற்றின் ஈரத்தைத் தாங்கும், வெள்ளத்தை அல்ல. தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 710; அந்த முத்திரை உள்ள பலகையைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், சமையல் மேடைக்குக் கீழே பலகையே வேண்டாம். பழைய வீடுகளில் கடப்பாக் கல் தட்டு இருக்குமே, அதுதான். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு அன்றைக்கே பாத்திரம் அடுக்கலாம்.