ஷட் டவுனா, ஸ்லீப்பா? வாட் மீட்டர் தரும் விடை

வேலை முடிந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிட (ஷட் டவுன்) வேண்டுமா, திறந்த வேலையை நினைவகத்தில் வைத்தபடி உறங்க வைக்கும் ஸ்லீப்பில் போடலாமா, அப்படியே ஓட விடலாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் ஊகமாகத்தான் பதில் சொல்கிறார்கள். கேபினட்டுக்குள் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மீது 450 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அவ்வளவு மின்சாரமும் எந்நேரமும் செலவாகிறது என்று அஞ்சுவோர் பலர். அந்த எண், அது தரக்கூடிய உச்ச அளவை மட்டுமே குறிக்கிறது. உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை அறிய, சுவர் பிளக்குக்கும் கருவிக்கும் இடையில் செருகும் வாட் மீட்டர் ஒன்று போதும். ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் அத்தகைய சாதாரண மீட்டர் ஒன்றைக் கொண்டு வீட்டு டெஸ்க்டாப்பை அளந்து பார்த்ததன் அடிப்படையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத டெஸ்க்டாப்பும் 22 அங்குல எல்இடி மானிட்டரும் சேர்ந்து, யாரும் தொடாமல் இருக்கும்போதே ஏறத்தாழ 60 வாட் இழுக்கின்றன. ஸ்லீப் நிலையில் மொத்தமும் 3 வாட்டுக்கு இறங்குகிறது. ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்டால் 1 வாட் அளவில் நிற்கிறது. ஒரு நாளில் பயன்பாடில்லாத 18 மணி நேரமும் கம்ப்யூட்டரை ஓட விட்டால், இரண்டு மாதக் கணக்கில் சுமார் 65 யூனிட் வீணாகும். அதே நேரம் ஸ்லீப்பில் இருந்தால் 3 யூனிட்டைச் சற்றே தாண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டண விகிதம் கூடிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 65 யூனிட்டை அலட்சியப்படுத்த முடியாது. ஸ்லீப்புக்கும் ஷட் டவுனுக்கும் இடையிலான வேறுபாடோ, இபி பில்லில் கண்ணுக்கே தெரியாது.

இந்த மீட்டரின் உண்மையான பயன் வேறோர் இடத்தில் வெளிப்பட்டது. அது அப்போதைய வாட் அளவை மட்டுமல்லாமல், கடைசியாக அழித்ததிலிருந்து எட்டிய உச்ச வாட்டையும் நினைவில் வைத்திருக்கிறது. இரவில் கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்ட பிறகு அந்த உச்ச எண்ணை அழித்துவிட்டேன்; காலையிலும் கம்ப்யூட்டர் ஸ்லீப்பில்தான் இருந்தது. ஆனால் பட்டனை அழுத்திப் பார்த்தால் உச்ச அளவு 70 வாட்டுக்கு மேல் காட்டியது. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைக்காகத் தானே விழித்து, ஓடி முடித்து, மீண்டும் உறங்கியிருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில், குறித்த நேரத்தில் கம்ப்யூட்டரை எழுப்பும் ‘வேக் டைமர்’ என்பதை நிறுத்திய பிறகு அந்த எண் 3 வாட்டைத் தாண்டவில்லை. மீட்டர் இல்லாமல் இதை நான் அறிந்திருக்கவே வாய்ப்பில்லை.

யுபிஎஸ்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரை முழுமையாக அணைத்த பிறகும் யுபிஎஸ் மட்டும் தனியாக 10 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. இரவு பகலாக அப்படியே விட்டால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. ஷட் டவுனா ஸ்லீப்பா என்று வாதிடும் தொகையைவிட இது பல மடங்கு. மீட்டரை யுபிஎஸ்ஸுக்கு முன்னால், சுவர்ப் பக்கம்தான் செருக வேண்டும். விலை குறைந்த யுபிஎஸ்கள் கரண்ட் கட்டின்போது பேட்டரியிலிருந்து தருவது சீரான அலை அல்ல என்பதால், பின்னால் செருகினால் அந்நேரத்தில் அளவு பிழையாகலாம்.

மின்கணக்கைத் தவிர்த்து முடிவெடுப்பவர்களுக்கு மீட்டர் உதவாது. அடிக்கடி அணைத்துப் போட்டால் ஹார்டு டிஸ்க் கெடும் என்ற அச்சம் இன்றும் இருக்கிறது; பழைய டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கே 50,000 முறை நின்று ஓடும் திறன் குறிக்கப்பட்டிருந்ததால், நாளுக்குப் பத்து முறை அணைத்தாலும் அந்த எண்ணிக்கையை எட்ட 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஸ்லீப்பில் கரண்ட் போனால் சேமிக்காத வேலை போய்விடும் என்ற அச்சத்தில்தான் நியாயம் இருக்கிறது. மின்தடை மிகுந்த ஊர்களில், நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட்டே ஏற்றது. கம்ப்யூட்டர் மந்தமாகிறது என்பதற்காக ஷட் டவுன் செய்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கம்ப்யூட்டரில், ஷட் டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் மையப்பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அப்படியே மீள்கிறது, புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். நான் பயன்படுத்திய மீட்டரின் திரையில் வெளிச்சம் இல்லை. மேசைக்குக் கீழே தரையை ஒட்டிய பிளக்கில் செருகினால், டார்ச் அடித்துத்தான் எண்ணைப் படிக்க முடிகிறது. உடல் அகலமாக இருப்பதால் பக்கத்துச் சுவிட்சை மறைக்கிறது. 2 வாட்டுக்குக் கீழே எண் தடுமாறுகிறது. ஆகவே, மேலே சொன்ன 1 வாட் என்பதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, கரண்ட் போய் வந்தால் அதுவரை கூட்டி வைத்த யூனிட் கணக்கு அழிந்துபோவதுதான். நீண்ட நாள் கணக்குப் பார்க்க வாங்கப்படும் ஒரு கருவியில் இதை ஏற்க முடியாது. வாங்க நினைப்பவர்கள் நூறு இருநூறு ரூபாய் கூடினாலும், திரை வெளிச்சமும் நினைவுப் பேட்டரியும் உள்ள மாடலையே கேட்டு வாங்க வேண்டும். பிறகு ஏசியையும் கீசரையும் அளக்கும் எண்ணம் இருந்தால், 16 ஆம்பியர் பிளக் பொருந்துகிறதா என்பதையும் கடையிலேயே செருகிப் பார்த்துவிடுவது நல்லது.