பாஸ்டன் அகானிஸ் அரீனா: கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கு டிக்கெட் வாங்கலாமா?

பாஸ்டனில் குளிர்கால வெள்ளிக்கிழமை மாலையைக் கழிக்க எத்தனையோ இடங்கள் உள்ளன. அவற்றுள் காமன்வெல்த் அவென்யூவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அகானிஸ் அரீனாவுக்கே என் முதல் வாக்கு. வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். ஆட்டங்களில் நாம் பார்ப்பது முழுமை பெற்ற ஆட்டக்காரர்களை. அவர்கள் பதினேழு பதினெட்டு வயதில் எதைத் தெரிந்துகொண்டு வந்தார்கள், எதை இங்கே கற்றார்கள், எதில் தடுமாறினார்கள் என்பதை இந்த அரங்கின் இருக்கை காட்டிக்கொடுக்கிறது. அந்த ஆவல் உள்ளவருக்கு இந்த டிக்கெட் மிக மலிவானது. வெறும் கூச்சலும் கொண்டாட்டமும் வேண்டுவோருக்கும் இங்கே குறையிருக்காது, ஆனால் அதற்காக மட்டும் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

2005 ஜனவரியில் திறக்கப்பட்ட இந்த அரங்கில் ஹாக்கி ஆட்டத்தை ஏறத்தாழ 6,150 பேர் பார்க்கலாம். என்.ஹெச்.எல். அணியான பாஸ்டன் புரூயின்ஸின் டிடி கார்டனில் 17,850 பேர் அமரலாம் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். அரங்குக்குப் பெயர் தந்தவர் ஹாக்கி ஆட்டக்காரர் அல்லர். கிரேக்கத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ஹாரி அகானிஸ், இந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பெயர் பெற்று, பின்னர் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, 1955இல் 26 வயதில் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து இறந்தார். உள்ளே இருக்கும் பனித்தளத்துக்கு ஜாக் பார்க்கரின் பெயர். அவர் 1973 முதல் 2013 வரை இந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்து 897 வெற்றிகளைக் கண்டவர். தளத்தின் நீளம் என்.ஹெச்.எல். தளத்தைப் போலவே 200 அடி. அகலம் மட்டும் 90 அடி, அதாவது ஐந்து அடி கூடுதல். சிறிய உடலும் வேகமான கால்களும் கொண்டவர்களுக்கு அந்த ஐந்து அடி பெரிய வரம் என்பதை ஓரிரு ஆட்டங்கள் பார்த்தாலே உணரலாம்.

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கண்ணாடித் தடுப்பை ஒட்டிய முதல் வரிசையையே விரும்புவார்கள். பக் (ஆட்டக்காரர்கள் மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டு) பலகையில் மோதும் ஓசையும், இருவர் மோதும்போது கண்ணாடி அதிர்வதும் அங்கே நெஞ்சுக்குள் கேட்கும் என்பது உண்மைதான், ஆனால் ஆட்டத்தின் அமைப்பு அங்கிருந்து பிடிபடாது. தளத்தின் குறுக்கே தாக்கும் பகுதியைப் பிரிக்கும் நீலக்கோட்டுக்கு நேராக, பத்துப் பன்னிரண்டு வரிசைகள் மேலே அமர்வதே என் பரிந்துரை. கோலுக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதி மாணவர்களுக்கானது. இசைக்குழு முழங்கிக்கொண்டே இருக்கும், எதிரணிக் கோல்கீப்பரை மாணவர்கள் பெயர் சொல்லிச் சீண்டுவார்கள். இதே ஊரின் எதிரணியான பாஸ்டன் கல்லூரி வரும் நாளில் அவர்கள் எழுப்பும் முழக்கங்களின் பொருளைச் சிறு பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.

கல்லூரி ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் முகம் முழுவதையும் மூடும் கம்பிக்கூண்டோ கண்ணாடிக் காப்போ அணிந்தே ஆட வேண்டும் என்பதைப் புதிதாக வருவோர் தெரிந்துகொள்வது நல்லது. முகம் தெரியாது. எண்ணையும், சறுக்கும் தோரணையையும், மட்டையைப் பிடிக்கும் விதத்தையும் வைத்தே ஆளை அடையாளம் காண வேண்டும். முதலில் இது குறையாகத் தோன்றினாலும் விரைவிலேயே கண் பழகிவிடும். பழகியபின், முகத்தைப் பார்த்து ரசிக்கும் வழக்கம் போய், கால்களைப் பார்க்கும் வழக்கம் வந்துவிடும்.

அப்படிக் கால்களைப் பார்க்க வைத்தவர் 71ஆம் எண் சட்டையில் ஆடிய மேக்லின் செலபிரினி. 2006 ஜூன் 13 அன்று கனடாவின் வடக்கு வான்கூவரில் பிறந்தவர். தந்தை ரிக் செலபிரினி, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணியின் உடல்நலப் பிரிவுக்குத் தலைவர். கனடாவின் பெரும்பாலான இளம் திறமையாளர்கள் செல்லும் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி அணியில் சேரும் தகுதி போய்விடும் என்ற விதி அப்போது இருந்தது. அதனால் அவர் அந்த வழியைத் தவிர்த்து, அமெரிக்காவின் இளையோர் லீக்கான யு.எஸ்.ஹெச்.எல்.லின் சிகாகோ ஸ்டீல் அணியில் 2022-23 பருவத்தில் 50 ஆட்டங்களில் 46 கோல்களும் 40 அசிஸ்டுகளும் (கூட்டாளியின் கோலுக்கு வழிவகுத்துக் கொடுத்தவை) எடுத்துவிட்டு, பதினேழு வயதில் இந்த அரங்குக்கு வந்து சேர்ந்தார். தன்னைவிட நான்கைந்து வயது மூத்தவர்களுக்கு எதிராக ஒரே பருவத்தில் 38 ஆட்டங்கள், 32 கோல்கள், 32 அசிஸ்டுகள். கல்லூரி ஹாக்கியின் மிக உயர்ந்த விருதான ஹோபி பேக்கர் விருதை முதலாண்டு மாணவராகவே பெற்றவர்கள் வரலாற்றில் நால்வர்தான்: பால் கரியா, ஜாக் ஐகல், ஆடம் ஃபன்டில்லி, செலபிரினி. அவர்களுள் மட்டுமன்றி, விருது பெற்ற அனைவரிலுமே இளையவர் இவர்.

எண்கள் எவருக்கும் கிடைக்கும். அரங்கில் அமர்ந்தவருக்கு மட்டும் கிடைத்தது வேறு. பவர் பிளேயில் (கிரிக்கெட்டில் நாம் அறிந்ததைப் போலன்று, எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே அமர்ந்திருக்கும் நேரம் இது) அவர் வலப்பக்க வட்டத்தில் நின்று அடிக்கும் அடியைக் காணொளிகளில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். நேரில் என்னைக் கவர்ந்தது அவர் பக்கை இழந்த பின் செய்ததுதான். பக் கைவிட்டுப் போன கணத்திலேயே உடலைத் திருப்பி, எதிராளியின் முதுகுப்பக்கமாக மூன்று நான்கு வேகமான எட்டுகளில் நெருங்கி, அவர் மட்டையைத் தன் மட்டையால் கீழிருந்து தூக்கிவிட்டுப் பக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார். கோல் அடிப்பதற்கென்றே பெயர் பெற்ற ஒரு பையன், தன் அணியின் கோல் முனை வரை திரும்பி ஓடி வந்து காவல் காப்பதைத் தொலைக்காட்சிக் கேமரா பெரும்பாலும் காட்டாது, ஏனெனில் அது பக்கைத்தான் பின்தொடரும்.

அதே அணியில் தற்காப்பில் ஆடிய லேன் ஹட்சனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். உயரம் குறைவு என்பதால் 2022 டிராஃப்ட்டில் (என்.ஹெச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 62ஆம் இடம் வரை காத்திருந்து மான்ட்ரியால் அணியால் எடுக்கப்பட்டவர். அடுத்தடுத்த இரு பருவங்களில் இங்கே 48, 49 புள்ளிகள் (கோல்களும் அசிஸ்டுகளும் கூட்டியது) எடுத்தார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அது வியக்கத்தக்க கணக்கு. நீலக்கோட்டில் பக்கை வைத்துக்கொண்டு தோள்களை ஒரு பக்கமும் கால்களை மறுபக்கமும் அசைத்து, தன்னைத் தடுக்க வந்தவரை வெற்று வெளியைத் தடுக்க வைத்துவிட்டு நழுவுவார். முன்பு சொன்ன ஐந்து அடி அகலம் அவருக்கு இங்கே நன்றாகவே உதவியது. என்.ஹெச்.எல்.லின் குறுகிய தளத்தில் இது செல்லுமா என்ற ஐயம் எனக்கும் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கும் இருந்தது.

2024 ஏப்ரல் 11, வியாழக்கிழமை. செயின்ட் பால் நகரில் நடந்த தேசியப் பட்டத்துக்கான அரையிறுதியில் டென்வர் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று பாஸ்டன் பல்கலைக்கழகம் தோற்றது. அடுத்த திங்கள்கிழமையே, ஏப்ரல் 15 அன்று, ஹட்சன் டெட்ராய்ட்டில் மான்ட்ரியால் சட்டையணிந்து தன் முதல் என்.ஹெச்.எல். ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் இடையே இருந்தது நான்கே நாட்கள். செலபிரினியை ஜூன் 28 அன்று லாஸ் வேகஸில் நடந்த டிராஃப்ட்டில் சான் ஹோசே ஷார்க்ஸ் அணி முதல் ஆளாக எடுத்தது. அக்டோபர் 10 அன்று தன் முதல் ஆட்டத்தில் முதல் பகுதியிலேயே கோல் அடித்து, ஓர் அசிஸ்டும் சேர்த்து, உடனே இடுப்புக் காயத்தால் 12 ஆட்டங்களை இழந்தார். அப்படியிருந்தும் 70 ஆட்டங்களில் 63 புள்ளிகள். ஆனால் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது போனது 66 புள்ளிகள் எடுத்த ஹட்சனுக்கு! ஓராண்டுக்கு முன் இந்தச் சிறிய அரங்கில் ஒரே பவர் பிளேயில் நின்ற இருவர், அடுத்த ஆண்டில் ஒரே விருதுக்கு எதிரெதிராக நின்றார்கள். அவர்களைத் தொடக்கத்தில் பார்த்தவர்களுக்கு அந்த அறிவிப்பு தந்த மகிழ்ச்சி, டிக்கெட் விலையில் சேராத கூடுதல் வரவு.

ஏப்ரல் 11 இந்த அணிக்கு ஆகாத நாளோ என்று தோன்றுவதுண்டு. 2015இல் அதே தேதியில்தான் ஜாக் ஐகல் ஆடிய அணி, இறுதிப்போட்டியில் பிராவிடென்ஸிடம் 4-3 என்று தோற்றது. ஐகல் நம்மவர் பலர் குடியிருக்கும் செம்ஸ்ஃபோர்டுக்காரர். அந்த முதலாண்டில் 40 ஆட்டங்களில் 71 புள்ளிகள் எடுத்துவிட்டு டிராஃப்ட்டில் இரண்டாம் ஆளாகப் போனார்.

ஆட்டம் தொடங்குமுன் கூரையைப் பார்க்கத் தவறாதீர்கள். 1971, 1972, 1978, 1995, 2009 ஆகிய ஆண்டுகளின் தேசியப் பட்டங்களுக்குரிய பதாகைகளோடு, 24 என்ற எண்ணும் அங்கே இருக்கிறது. அது டிராவிஸ் ராயின் எண். 1995 அக்டோபர் 20 அன்று, பழைய வால்டர் பிரவுன் அரங்கில், தன் முதல் கல்லூரி ஆட்டத்தில் களமிறங்கிய 11ஆம் நொடியில் பலகையில் மோதி, கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அதன்பின் தண்டுவடக் காயமுற்றோருக்காக நிதி திரட்டும் பணியில் வாழ்நாளைச் செலவிட்டு, 2020இல் மறைந்தார். அந்த எண்ணுக்குப் பல்கலைக்கழகம் ஓய்வளித்துவிட்டது. இப்போதைய பயிற்சியாளர் ஜே பண்டால்ஃபோ அன்று அதே அணியில் ஆடியவர். பலகையை நோக்கி ஒரு பையன் முழு வேகத்தில் போகும்போது பக்கத்தில் இருக்கும் வயதானவர்கள் கைதட்டுவதை நிறுத்திவிடுவதற்குக் காரணம், அந்த எண்ணை அறிந்தபின்தான் எனக்கு விளங்கியது.

கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி மாலைகளில் நடக்கும். பருவம் முழுவதற்கும் முப்பத்தைந்து நாற்பது ஆட்டங்களே, என்.ஹெச்.எல்.லில் எண்பதுக்கும் மேல். வாரத்தின் மற்ற நாட்கள் வகுப்புக்கும் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் கிடைப்பதால்தான் உடல் இன்னும் வளர வேண்டிய பையன்கள் இந்த வழியை நாடுகிறார்கள். பார்வையாளருக்கும் இதில் ஒரு வசதி உண்டு: ஒரே பையனை அக்டோபரிலும் பிப்ரவரியிலும் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் பலகையோரம் இடிபட்டுப் பக்கை இழந்தவர், பருவத்தின் பிற்பாதியில் இடியை வாங்கிக்கொண்டே பக்கைக் காலால் தள்ளித் தன் கூட்டாளிக்குக் கொடுத்துவிடுவார்.

டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை மட்டும் கவனம் தேவை. அப்போது உலக ஜூனியர் போட்டிகள் நடப்பதால் பெயர் பெற்ற பையன்கள் தத்தம் நாட்டு அணிகளுக்குப் போய்விடுவார்கள். குறிப்பிட்ட ஒருவரைப் பார்க்கவென்றே வருபவர்கள் அந்த வாரங்களைத் தவிர்க்க வேண்டும். அதேபோல், பாஸ்டன் பகுதியின் நான்கு கல்லூரி அணிகள் பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கள்கிழமைகளில் மோதும் பீன்பாட் போட்டி டிடி கார்டனில் நடப்பது. அதற்கு இந்த அரங்கின் டிக்கெட் பயன்படாது.

வருவதற்கு மெட்ரோவின் பச்சைத் தடத்தில் பி பிரிவு வண்டியே போதும். பாப்காக் ஸ்ட்ரீட் நிறுத்தத்தில் இறங்கினால் அரங்கு அருகிலேயே. பரம எதிரியான பாஸ்டன் கல்லூரியின் அரங்கு இதே தடத்தின் கடைசி நிறுத்தத்தில் இருப்பது இவ்வூரின் வேடிக்கைகளுள் ஒன்று. டிக்கெட்டைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே நேரடியாக வாங்குங்கள். ஒரு மறுவிற்பனைத் தளத்தில், காட்டிய விலை ஒன்றாகவும் கடைசியில் கட்டணங்கள் சேர்ந்து கேட்ட தொகை வேறாகவும் இருந்ததால் இதைச் சொல்கிறேன். சைவ உணவு மட்டும் உண்பவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக இருக்கட்டும். வெளியே இருந்து வந்த கதகதப்பில் முதல் பகுதி வரை தெரியாது, பனித்தளத்தின் குளிர் இரண்டாம் பகுதியில்தான் காலில் ஏறும்.

வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்பவர்களுக்கு: இந்த அணி ஆடும் ஹாக்கி ஈஸ்ட் லீக்கின் ஆட்டங்கள் இ.எஸ்.பி.என். இணைய ஒளிபரப்பில் வருகின்றன. முடிவு தெரிந்தால் போதும் என்றால் அது போதும்.

2025 ஆகஸ்ட் 1 முதல் கனடிய மேஜர் ஜூனியர் ஆட்டக்காரர்களுக்கும் அமெரிக்கக் கல்லூரிகளின் கதவு திறந்துவிட்டது. செலபிரினி தவிர்க்க வேண்டியிருந்த வழியிலேயே வந்த கேவின் மெக்கென்னா, கனடிய மேஜர் ஜூனியர் அணியான மெடிசின் ஹாட்டிலிருந்து நேராகப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். எல்லா அணிகளிலும் ஆட்டத்தின் தரம் இதனால் உயரும். முதலாண்டு மாணவருக்கு ஆட வாய்ப்புக் கிடைப்பது முன்னைவிடக் கடினமாகும். எனவே பெயர் கேட்டு டிக்கெட் வாங்காமல், அக்டோபரில் சுமாரான எதிரணி வரும் ஒரு வெள்ளிக்கிழமைக்கு முதலில் வாங்குங்கள். அன்று கூட்டம் குறைவு, நல்ல இருக்கை கிடைக்கும், பயிற்சியாளரும் புதியவர்களைத் துணிந்து இறக்குவார். யாரைத் தொடர்ந்து பார்ப்பது என்று அன்றே முடிவு செய்துகொண்டு, பாஸ்டன் கல்லூரி வரும் ஆட்டத்துக்கு அதற்குப் பிறகு பதிவு செய்யலாம். அது மட்டும் சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிடும்.