லேசர் ஃப்ளோட்டிங் ஸோன்ல யூடெக்டிக் செராமிக் ராடு வளர்க்கிறது: பல வருஷமா யூஸ் பண்ணவனோட அனுபவம்

அலுமினா-யாக் (இட்ரியம் அலுமினியம் கார்னெட்)-ஜிர்கோனியா யூடெக்டிக் (குறிப்பிட்ட விகிதத்துல கலந்து, ஒரே சூட்டுல ஒண்ணா உருகி உறையுற கலவை) ராடு வளர்க்க எங்க லேப்ல இந்த லேசர் செட்டப்தான், பல வருஷமா இதுலதான் இருக்கேன், பிரிட்ஜ்மேன் ஃபர்னஸா (பாத்திரத்துல உருக்கி, ஒரு முனையிலேருந்து மெதுவா உறைய வைக்கிற உலை) இதுவான்னு யோசிக்கிறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

மொதல்ல பிடிச்ச விஷயம், குரூசிபிளே, அதாவது உருக்குற பாத்திரமே வேணாம். பிரிட்ஜ்மேன்னா மாலிப்டினம் குரூசிபிள், அது ஆக்சிடைஸ் ஆகாம இருக்க வேக்குவம்னு தனி வேலை. இங்க கார்பன் டை ஆக்சைடு லேசரோட 10.6 மைக்ரான் ஒளிய ஆக்சைடு நல்லா உறிஞ்சிக்கும், ராடுல ஒரு சின்ன இடம் மட்டும் உருகி சர்ஃபேஸ் டென்ஷன்லயே நிக்கும், சாதா காத்துலயே வளர்த்துடலாம்.

எல்லாரும் லேசர் பவரப் பத்தியே கேக்குறாங்க, என்னைக் கேட்டா பாதி ரிசல்ட் ஃபீட் ராடுலதான், அதாவது உருக்கக் குடுக்குற மூல ராடுலதான் இருக்கு. பவுடர ரப்பர் ட்யூப்ல அடைச்சு ஐசோஸ்டாட்டிக் பிரஸ் (எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம்) போட்டு, உருகாம சூடாக்கி இறுக வச்சு சின்டர் பண்றோம்ல, அதுல துளை மிச்சமிருந்தா உருகுற இடத்துல குமிழா வரும், டார்க் ஃபில்டர் வழியா பாத்தா பளபளன்னு நிக்கிற ஸோன் திடீர்னு ஒரு பக்கம் உப்பும், அந்தக் குமிழ் உள்ளயே உறைஞ்சிட்டா பெண்டிங் டெஸ்ட்ல அங்கேருந்துதான் உடையும். அதனால ஒரு பாஸ் (உருகுற இடத்த ராடு நெடுக ஒரு தடவ ஓட்டுறது) டென்ஸ் ஆக்குறதுக்கு மட்டும், அடுத்த பாஸ்லதான் நிஜ வளர்ப்பு. டைம் ஜாஸ்தி ஆகும், இருந்தாலும் இத விடாதீங்க.

அடுத்தது ஸ்பீடு, அதாவது உருகுற இடம் ராடு நெடுக நகர்ற வேகம். வேகத்த நாலு மடங்கு ஏத்துனா ஃபேஸ் (உள்ள தனித்தனியா உறையுற ஒவ்வொரு பொருளும்) இடைவெளி பாதியாகும், யூடெக்டிக்கோட அடிப்படை விதியே அதுதான். எஸ்இஎம்ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பேக்ஸ்கேட்டர்ல, அதாவது திரும்பி வர்ற எலக்ட்ரான வச்சு எடுக்குற படத்துல பாருங்க, அலுமினா கறுப்பு, யாக் சாம்பல், ஜிர்கோனியா வெள்ளை, மூணும் பின்னிப் பிணைஞ்சு கிடக்கும், நடுவுல கண்ணாடி ஃபேஸ் கிடையாது, சாதா சின்டர் செராமிக் சூட்டுல தளர்ற மாதிரி இது தளராததுக்கு முக்கியமான காரணமே அதுதான். 1997-ல ஜப்பான் உபே கம்பெனி ஆளுங்க அலுமினா-கடோலினியம் அலுமினேட் யூடெக்டிக் 1600 டிகிரிலயும் பலமா நின்னு, உடையாம வளையுதுன்னு நேச்சர்ல காட்டுனதுல இருந்துதான் டர்பைனுக்கு இதப் போடலாம்னு பெரிய ஆர்வமே வந்துச்சு, அவங்க பிரிட்ஜ்மேன்லதான் பண்ணாங்க.

மைனஸ்னா சைஸ்தான். சில மில்லிமீட்டர் தாண்டுனா நடுவுக்கும் ஓரத்துக்கும் சூடு வித்தியாசம் ஏறி விரிசல் விடுது, வேகமா இழுத்தா குறுக்க பட்டை பட்டையா பேண்டிங் வேற. மெல்லிய ராடும் ஃபைபரும் போதும்னா தைரியமா இதுக்குப் போங்க, டர்பைன் பிளேடு சைஸ் பீஸ் வேணும்னா இன்னைக்கும் பிரிட்ஜ்மேன்தான். தடிமனா வளர்த்தே ஆகணும்னா ராடு மெதுவா ஆற ஆஃப்டர்ஹீட்டர் வைக்க இடம் இருக்கான்னு சேம்பர் ஆர்டர் பண்றப்பவே கேட்டுக்கோங்க.