லெகோ பெட்டியா, எஸ்.பி. ரோடு உதிரியா? பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த ரோபோ போட்டி

அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எட்டிலிருந்து பத்து வரை படிக்கும் பிள்ளைகளை எந்த ரோபோ போட்டியில் இறக்குவது என்று இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டோம். பெங்களூரில் இதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் இப்போது என்னைக் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் முன்னால் இருந்தவை மூன்று: ஃபர்ஸ்ட் லெகோ லீக், அதற்கு அண்ணன் மாதிரியான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச், அப்புறம் உலக ரோபோ ஒலிம்பியாடில் இருக்கும் ஃபியூச்சர் எஞ்சினியர்ஸ் பிரிவு. நாங்கள் எடுத்தது மூன்றாவது. என் மனம் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லெகோ லீக் பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டரை நிமிட ஆட்டம், ஒரு அணியில் பத்துப் பேர் வரை, 9 வயதுப் பிள்ளைகூடச் சேரலாம். ரோபோ ஆடுவது மதிப்பெண்ணில் ஒரு பகுதிதான். ரோபோவை எப்படி வடிவமைத்தார்கள், ஒரு பிரச்சினையை எடுத்து என்ன ஆராய்ந்தார்கள், எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பதற்கும் அதே அளவு எடை உண்டு. கோடிங் என்றாலே ஒதுங்குகிற பிள்ளைக்கும் அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, இது பெரிய விஷயம். ஆறு, ஏழாம் வகுப்புக்கு என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

டெக் சேலஞ்ச் நான் நடத்தியதில்லை, பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். ஒவ்வொரு பக்கமும் இரண்டு அணிகள் கூட்டு சேர்ந்து ஆடும், முதல் 30 நொடி ரோபோ தானாக ஓட வேண்டும், அதற்கப்புறம் இரண்டு நிமிடம் பிள்ளைகள் கையில். பார்க்க அவ்வளவு விறுவிறுப்பு! ஆனால் உலோகச் சட்டம், மோட்டார், கண்ட்ரோலர் எல்லாம் சேர்ந்தால் செலவு லட்சத்தில் போய் நிற்கும், எங்கள் பள்ளிக்கு அது எட்டாது. வசதியும் நல்ல பட்டறையும் உள்ள பள்ளி தாராளமாகப் பார்க்கலாம்.

ஃபியூச்சர் எஞ்சினியர்ஸில் பிள்ளைகள் செய்வது ஒரு குட்டி கார். தானாக ஓடும், நிஜ கார் போலவே ஸ்டீயரிங் வைத்துத்தான் வளைய வேண்டும். எடை ஒன்றரை கிலோவுக்குள். முதல் சுற்றில் சுவரில் இடிக்காமல் மூன்று முறை சுற்றி வர வேண்டும். அடுத்த சுற்றில் வழியில் தூண்கள் நிற்கும்: சிவப்பு என்றால் அதன் வலப்பக்கமாக, பச்சை என்றால் இடப்பக்கமாகப் போக வேண்டும். பாகங்கள் எந்தக் கம்பெனியுடையதாகவும் இருக்கலாம், லெகோவாகக்கூட இருக்கலாம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்விதான். உடைந்தால் யார் சரி செய்வது?

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கோணலாக நின்ற முன்சக்கரத்தைக் கையாலேயே நேராக்கினான். கரகரவென்று ஒரு சத்தம், அதோடு ஸ்டீயரிங் சர்வோ, அதாவது சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டார், போயிற்று. திறந்து பார்த்தால் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மூன்று பல் இல்லை. சனிக்கிழமை காலை இரண்டு பிள்ளைகளோடு அல்சூரின் ஹலசூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தோம். உலோகப் பல் வைத்த சர்வோ, சில நூறு ரூபாய். மதியம் மாட்டியாயிற்று. மாட்டியதும் புதுத் தலைவலி: வண்டி வளையும்போதெல்லாம் அதன் மூளையான அர்டுயினோ போர்டு அணைந்து அணைந்து எரிந்தது. புது சர்வோ அதிக மின்னோட்டம் இழுக்கிறது, மின்னழுத்தம் சரிகிறது என்று மல்டிமீட்டர் வைத்து அவர்களே கண்டுபிடித்து, சர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட் ரெகுலேட்டர் போட்டார்கள். பல் ஏன் உடைந்தது என்பதில் பல்சக்கர விகிதமும் திருப்பு விசையும், அர்டுயினோ ஏன் அணைந்தது என்பதில் ஓமின் விதி. கரும்பலகையில் நான் மூன்று வாரம் எழுதியும் சில பிள்ளைகளுக்கு ஏறாதது அந்த ஒரு சனிக்கிழமையில் ஏறியது.

லெகோ மாதிரி மூடிய கிட்டில் மோட்டார் போனால் புதிது வாங்கி மாட்டுவதோடு விஷயம் முடிகிறது. அதுவும் கிடைக்கிற வரைக்கும்தான். லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ வரிசையில் ஈவி3 கிட் 2013-ல் வந்தது, 2021-ல் நிறுத்தினார்கள், 2022 கடைசியோடு அந்த வரிசையே முடிந்தது. நிறையப் பணம் போட்டு வாங்குகிற பள்ளி இதை யோசிக்க வேண்டும். உதிரி பாகத்தில் கட்டிய வண்டிக்கு அந்தக் கவலை கிடையாது, போன வருட மோட்டார் இந்த வருட வண்டியில் ஓடுகிறது. அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு திட்டத்தில் வரும் செய்முறைக் கூடம்) உள்ள பள்ளி என்றால் பாதிப் பொருள் அங்கேயே இருக்கும்.

ஃபியூச்சர் எஞ்சினியர்ஸில் குறைகளும் உண்டு. அணிக்கு மூன்று பேர்தான், நாற்பது பேர் வகுப்பில் மற்றவர்கள் ஏக்கத்தோடு பார்க்கும்போது எனக்கு வலிக்கும். 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும். செய்ததையெல்லாம் எழுதி, கோடு பகிர்கிற இணையதளமான கிட்ஹப்பில் பொதுவில் போட வேண்டும், இங்கிலீஷ் தடுமாறும் பிள்ளைக்கு அது மலை. நாங்கள் முதலில் தமிழிலும் கன்னடத்திலும் நோட்டில் எழுதச் சொல்லி அப்புறம் மாற்றுகிறோம். தூணின் நிறத்தைப் பார்க்கிற கேமராவும் லேசில் வழிக்கு வராது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்தால் சிவப்புத் தூணும் தரையில் இருக்கிற ஆரஞ்சுக் கோடும் அதற்கு ஒன்றுதான். "மிஸ், டியூப்லைட்ல சரியா ஓடுது, வெயில்லதான் ஏமாறுது" என்று ஒரு பெண் மணிவாரியாகக் குறித்து வைத்திருந்தாள். அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த ஜூனிலிருந்து ஆறு, ஏழுக்கு லெகோ, எட்டிலிருந்து பயிற்சி, 14 வயது ஆனதும் கார் என்று பிரித்திருக்கிறோம். நீங்களும் காரை எடுப்பதாக இருந்தால் உலோகப் பல் சர்வோ குறைந்தது மூன்று கையில் வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோட்டில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், நம் சர்வோ சனிக்கிழமை ராத்திரிதான் உடையும்.